தேன் தராத தேனீக்கள்

தேனீ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது தேனடையும் அதைச் சுற்றி மொய்க்கும் கூட்டமுமே. மூணாற்றைச் சூழ்ந்த மலைகளில் ஏலமும் பழமரங்களும் வைத்திருக்கும் குடியானவர்களுக்கும் அப்படியே. மரப்பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ, உயர்ந்த மரக்கிளையிலும் பாறையிலும் அடை தொங்கவிடும் மலைத்தேனீ, சுவர்ப் பொந்தில் குடியிருக்கும் கொசுத்தேனீ ஆகிய மூன்றையும் அவர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் ஒரு துளித் தேனும் நமக்குத் தராமல், கூட்டமாகவும் வாழாமல், தோட்டத்துக்கு வந்து காய் பிடிக்கச் செய்துவிட்டுப் போகும் தேனீக்களும் பல உண்டு. அவை எந்தப் பூவின் மகரந்தத்தை விரும்பிச் சேர்க்கின்றன என்பதையும், அந்த விருப்பத்தை மலைத் தோட்டக்காரர் ஏன் அறிந்திருக்க வேண்டும் என்பதையும் இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் தேனீ என்ற பெயரே தேனைக் கொண்டு அமைந்தது. தேன் தராதவற்றை நம் மக்கள் வண்டு என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். பழைய இலக்கியத்தில் வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு என்று பல பெயர்கள் வழங்கின. பூவை நாடும் பூச்சிகளிடையே வேற்றுமை உண்டு என்பதை நம் முன்னோர் கண்டிருந்தனர். இன்று அச்சொற்களிற் பல அகராதியில் தங்கிவிட்டன. விவசாயப் பிரசுரங்கள் எல்லாவற்றையும் தேனீ என்ற ஒரே சொல்லில் அடக்குகின்றன. படிப்பவர் பெட்டித் தேனீயையே நினைத்துக்கொள்கிறார். உண்மை என்னவென்றால், உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் 20,000-க்கு மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. பெட்டித் தேனீயும் மலைத்தேனீயும் சேர்ந்த ஏபிஸ் என்னும் பிரிவில் அடங்குவன பத்துப் பன்னிரண்டு இனங்களே. எஞ்சிய பெருங்கூட்டத்தில் தனித்து வாழ்வனவற்றைத் தனித்தேனீக்கள் என்று அழைப்போம்.

தனித்தேனீயின் குடும்பத்தில் ராணி இல்லை. ஏவல் செய்ய வேலைக்காரத் தேனீக்களும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே வீடு கட்டி, தானே இரை தேடி, தானே முட்டையிட வேண்டும். பெரும்பாலானவை மண்ணைத் தோண்டி வளை அமைக்கின்றன. சில காய்ந்த மரத்தைக் குடைகின்றன. சில மூங்கில் துளையிலும் நாணல் தண்டிலும் குடியேறுகின்றன. வளைக்குள் ஓர் அறை. அறைக்குள் மகரந்தமும் பூந்தேனும் கலந்து பிசைந்த ஓர் உருண்டை. அதன்மேல் ஒரு முட்டை. பிறகு அந்த அறையை அடைத்துவிட்டு அடுத்த அறையைக் கட்டத் தொடங்குகிறது தாய்த் தேனீ. முட்டையிலிருந்து வெளிவரும் புழு அந்த உருண்டை ஒன்றையே உண்டு வளர்ந்தாக வேண்டும். தாய் மீண்டும் வந்து ஊட்டுவதில்லை. பல இனங்களில் பிள்ளை வெளிவருமுன்பே தாயின் வாழ்நாள் முடிந்துவிடுகிறது.

ஆகவே, தாய் எதைக் கொண்டுவந்து வைக்கிறதோ அதுவே பிள்ளையின் ஆஸ்தி. பூந்தேன் தாய்க்குப் பறக்கும் வலிமையைத் தருகிறது. புழுவின் உடலை வளர்க்கும் புரதத்தைத் தருவது மகரந்தம். வழிப்போக்கன் ஒருவன் சத்திரத்தில் தண்ணீர் அருந்துவதற்கும், தன் குடும்பத்துக்கு ஓராண்டு நெல் வாங்கிப் பத்தாயத்தில் சேர்ப்பதற்கும் எவ்வளவு வேறுபாடோ, அவ்வளவு வேறுபாடு தேனீ ஒரு பூவில் தேன் குடிப்பதற்கும் மகரந்தம் சேர்ப்பதற்கும் உண்டு. பூவில் தேனீ அமர்ந்திருப்பதைக் கண்டு, "இது நம் தோட்டத்துத் தேனீ" என்று மகிழ்கிறோம். அதன் பத்தாயத்தில் இருப்பது நம் தோட்டத்துத் தானியந்தானா என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

சில தனித்தேனீக்கள் ஒரே செடிக் குடும்பத்தின் மகரந்தத்தை மட்டுமே சேர்க்கும். வேறு பல, நாற்பது ஐம்பது வகைச் செடிகளுக்கும் போகும். அவ்வாறு பல செடிகளுக்குப் போகும் தேனீக்கள் எதை வேண்டுமானாலும் தின்று பிழைக்கும் என்று எண்ணிவிடலாகாது. ஜூரிச் நகர விஞ்ஞானிகள் 2011-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ஆஸ்மியா என்னும் பிரிவைச் சேர்ந்த, நெருங்கிய உறவுடைய இரண்டு தேனீ இனங்களின் புழுக்களுக்குத் தனித்தனி மகரந்தத்தைக் கொடுத்து வளர்த்தார்கள். ரனன்குலஸ் என்னும் மஞ்சள் பூச்செடியின் மகரந்தத்தில் ஓர் இனத்தின் புழுக்கள் நன்றாக வளர்ந்தன. மற்றதன் புழுக்கள் தேறவில்லை. எக்கியம் என்னும் நீலப் பூச்செடியின் மகரந்தத்திலோ நிலைமை தலைகீழாக இருந்தது. மனிதருள்ளும் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும் உணவு மற்றொருவருக்கு ஒத்துக்கொள்வதில்லை அல்லவா? தாய்த் தேனீயின் விருப்பம் வெறும் ருசியன்று. பிள்ளை பிழைக்குமா பிழைக்காதா என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

இந்த விருப்பத்தை எவ்வாறு கண்டறிகிறார்கள்? மகரந்தத் தூளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு செடிக் குடும்பத்துக்கும் ஒவ்வொரு வடிவம் தென்படும். ஒன்று முள் நிறைந்த பந்துபோல் இருக்கும். ஒன்று முக்கோணமாக இருக்கும். ஒன்றில் மூன்று பள்ளங்கள் காணும். தனித்தேனீயின் அறையைத் திறந்து, உருண்டையிலுள்ள தூள்களை எண்ணினால், அத்தாய் எங்கெங்கே சென்று வந்தது என்ற கணக்கு முழுவதும் கிடைத்துவிடுகிறது.

இந்தக் கணக்கு வெளிநாட்டுப் பழத்தோட்டங்களில் பெரிதும் பயன்பட்டிருக்கிறது. ஆப்பிளில் பெரும்பாலான வகைகள் தம் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. வேறு வகை மரத்தின் மகரந்தம் வந்து சேரவேண்டும். ஜப்பானின் ஆவோமோரிப் பகுதியில் 1940-களிலேயே ஆப்பிள் விவசாயிகள் நாணல் கட்டுகளைத் தொங்கவிட்டு, ஆஸ்மியா தேனீ ஒன்றைக் குடியேற்றிப் பழக்கினார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லோகன் நகர ஆராய்ச்சி நிலையம், பழத்தோட்ட நீலத்தேனீ என்னும் உறவினத்தை இவ்வேலைக்குத் தயார் செய்தது. ஓர் ஏக்கர் ஆப்பிளுக்கு ஏறத்தாழ 250 பெண் தேனீக்கள் போதும் என்று கணக்கிட்டார்கள். ஆயிரக்கணக்கான தேனீக்கள் அடங்கிய ஒரு பெட்டி செய்யும் வேலையை இத்தனைச் சிறிய படை செய்துவிடுகிறது! ஐரோப்பாவிலோ இரண்டு இனங்களை முயன்றார்கள். ஒன்று தன் அறைகளைப் பெரும்பாலும் பழமரங்களின் மகரந்தத்தாலேயே நிரப்புகிறது. மற்றொன்று, ஆப்பிள் பூத்துக் குலுங்கும்போதும், ஓக் மரத்தின் மகரந்தத்தையும் வயல் பூக்களின் மகரந்தத்தையும் ஏராளமாகச் சேர்க்கிறது. இரண்டும் ஆப்பிளுக்கு உதவுகின்றன. ஆனால் இரண்டாவதை நிலைநிறுத்த வேண்டுமானால் ஓக் மரத்தையும் வயல் பூவையும் காக்க வேண்டும்.

காந்தலூரிலும் வட்டவடையிலும் ஆப்பிளும் பிளம்சும் பீச்சும் விளைகின்றனவே, அந்தத் தேனீயை இங்குக் கொண்டுவந்து விடலாகாதா என்று சிலர் கேட்கக்கூடும். வேண்டாம் என்பதே நம் கருத்து. அது நீண்ட குளிர்காலத்தைக் கடந்து உறக்கம் தெளியும் பூச்சி. நம் மலையின் பருவம் அதற்கு ஒத்துவராது. மேலும் அயல்நாட்டுத் தேனீயுடன் அயல்நாட்டு நோயும் வந்து சேரும். தவிர, நம் மலைக்கென்றே பழகிய தனித்தேனீக்கள் இங்கு இருக்கும்போது, பிறர் வீட்டுப் பிள்ளையைத் தத்தெடுக்க அவசியம் என்ன?

நம் மலையின் தேனீக்கள் என்ன செய்கின்றன என்பதற்கு ஏலமே சிறந்த சாட்சி. ஏலம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய செடி. அதன் பூங்கொத்து தூரடியிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிறது. வெண்ணிற இதழில் ஊதாக் கோடுகள் ஓடும் அந்தப் பூ, விடியுமுன் மலரத் தொடங்கி ஒரே நாளில் வாடிவிடும். சூல்முடி மகரந்தப் பைக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், பூச்சி வந்து தொட்டாலன்றி மகரந்தம் அதை எட்டாது. அந்த ஒரு பகற்பொழுதில் தேனீ வராத பூ, காயாகாமல் உதிர்ந்துவிடுகிறது. ஏலக்காயின் விலையை அங்காடியில் விசாரிக்கும் நாம், அவ்விலையின் முதற்கணக்கு ஒரு தேனீயின் வருகையில் தொடங்குகிறது என்பதை நினைப்பதில்லை.

குரியாகோஸ், சினு, சிவண்ணா என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள், காட்டில் தானாக வளரும் ஏலத்தையும் தோட்டத்து ஏலத்தையும் ஒப்பிட்டு, 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காட்டு ஏலத்தில் காய் பிடிக்கச் செய்பவை தனித்தேனீக்கள் என்று கண்டார்கள்: இலைவெட்டித் தேனீ ஒன்று, அமெஜில்லா என்னும் பிரிவைச் சேர்ந்தவை இரண்டு. தோட்டத்து ஏலத்திலோ அந்த வேலையைச் செய்பவை மலைத்தேனீ, அடுக்குத் தேனீ, கொசுத்தேனீ ஆகிய கூட்டுத் தேனீக்கள். ஏலம் தோட்டப் பயிராகி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளே ஆகின்றன. அதற்குள் அதன் துணைவர்களே மாறிவிட்டார்கள்!

இதன் காரணத்தை ஊகிப்பது அரிதன்று. காட்டில் ஏலம் ஆழ்ந்த நிழலில் இங்கொரு தூரும் அங்கொரு தூருமாக நிற்கும். பூவும் குறைவு. ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குத் தனியே தேடிச் செல்லும் தேனீக்கே அது ஏற்ற இடம். தோட்டத்தில் ஏக்கர் ஏக்கராக ஒரே நேரத்தில் பூக்கிறது. ஒரு தேனீ கண்டால் ஊரையே அழைத்துவரும் கூட்டுத் தேனீக்கு அது விருந்து. விருந்து முடிந்தபின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போகலாம். மலைத்தேனீயோ தானே இடம் பெயர்ந்துவிடும். தனித்தேனீக்கு அந்த வசதி இல்லை. கூட்டிலிருந்து சில நூறு மீட்டர் தொலைவே பெரும்பாலான தனித்தேனீக்களின் உலகம். அதற்குள் ஏலம் பூக்காத காலத்திலும் ஏதேனும் பூ இருந்தாக வேண்டும்.

பழத்திலும் இதற்கு நேரான உதாரணம் ஒன்று உண்டு. மூணாற்றுச் சாலையோரங்களில் விற்கும் பாஷன் பழத்தை நேயர்கள் பார்த்திருக்கலாம். தாட்பூட் பழம் என்றும், இலங்கையில் கொடித்தோடை என்றும் தமிழர் வழங்குவது இதுவே. பாலக்காட்டு மாவட்டத்து நெல்லியாம்பதியிலும் இது பயிராகிறது. இக்கொடியின் மஞ்சள் வகை தன் மகரந்தத்தால் காய்ப்பதில்லை. பூவோ பெரிது, மகரந்தப் பைகள் உயரத்தில் இருக்கின்றன. சிறிய பெட்டித் தேனீ கீழே புகுந்து தேனைக் குடித்துவிட்டு, மேலே உள்ளதைத் தொடாமலே போய்விடும். மரம் குடையும் பெரிய கருவண்டு வந்தால்தான் அதன் முதுகில் மகரந்தம் படிந்து அடுத்த பூவைச் சேரும். வண்டு என்று நாம் சொல்லும் இதுவும் ஒரு தனித்தேனீயே. தச்சுத் தேனீ என்று அழைப்பது பொருந்தும். அது இல்லாத தோட்டங்களில் பிரேசில் நாட்டு விவசாயிகள் ஒவ்வொரு பூவையும் விரலால் தொட்டு மகரந்தம் சேர்க்கிறார்கள்.

இங்கேதான் நாம் முன்பு சொன்ன பத்தாயக் கணக்கு வருகிறது. தச்சுத் தேனீ பாஷன் பூவுக்கு வருவது தேனுக்காக. பிள்ளைகளுக்கான மகரந்தத்தை அது பெரும்பாலும் வேறு செடிகளிலேயே சேர்க்கிறது. ஆவாரையிலும் கொன்றையிலும் கத்தரிக் குடும்பத்துச் செடிகளிலும் அது பறக்கும் தசைகளை அதிரவைத்து, மகரந்தத்தை உதிர்த்து எடுத்துச் செல்லும். ஆவாரைப் பூவிலும் சுண்டைப் பூவிலும் தேன் இல்லை. மகரந்தம் மட்டுமே உண்டு. ஓரிடத்தில் தேன், மற்றோரிடத்தில் மகரந்தம், மூன்றாவதாகக் குடையக் காய்ந்த மரம்: இம்மூன்றும் அருகருகே இருந்தால்தான் அதன் குடும்பம் நடக்கும். வேலியோரத்துக் கொன்றையை வெட்டிவிட்டு, பட்ட மரத்தை விறகாக்கிவிட்டு, பாஷன் கொடியை மட்டும் உரமிட்டு வளர்ப்பவர், பூ நிறையப் பூத்தும் காய் குறைவாக இருப்பதைக் கண்டு உரத்தின்மேல் பழி போடுவார்.

மூணாற்றுக்கு வருபவர்கள் எங்கு நோக்கினும் பசுமை என்று வியக்கிறார்கள். தேனீயின் கண்ணுக்கு அந்தப் பசுமை முழுவதும் உணவன்று. தேயிலையைக் கொழுந்து கிள்ளியும் கவாத்துச் செய்தும் பூக்கவிடாமல் வைத்திருக்கிறோம். எனவே மைல் கணக்கில் பரந்த தேயிலை, தேனீக்குப் பெரும்பாலும் பாலைவனமே. சோலைக்காட்டின் விளிம்பும், ஓடைக்கரையும், சாலையோரத்துப் புதரும், குடியிருப்புகளின் முன்னுள்ள காய்கறிப் பாத்தியுமே அதன் சந்தை. குறிஞ்சி இருக்கிறதே என்று கேட்கலாம். இரவிகுளத்தின் சரிவுகள் 2006-லும் 2018-லும் நீலமாயின. அப்போது தேனீக்களுக்கு ஏராளமான விருந்து. ஆயினும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்தை நம்பி, ஓராண்டு வாழ்வுகூட முழுதாக இல்லாத ஒரு பூச்சி குடும்பம் நடத்த இயலுமா? ஒரே பூ எவ்வளவு பெருகினாலும், அது பலவகைப் பூக்களின் தொடர்ச்சிக்கு ஈடாகாது.

இனி மருந்து தெளிப்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏலத்தில் பேனும் தண்டுத் துளைப்பானும் விவசாயியின் உழைப்பைத் தின்றுவிடுகின்றன. அவர் மருந்தை நாடுவதில் வியப்பில்லை. எண்டோசல்பான் 2011-ல் உச்ச நீதிமன்ற ஆணையால் தடைசெய்யப்பட்டது. தெளிக்கும் வழக்கமோ வேறு மருந்துகளுடன் தொடர்கிறது. பெட்டித் தேனீயில் வெளியே போன சில நூறு தேனீக்கள் மடிந்தாலும், உள்ளே ராணி இருக்கிறது. குடும்பம் மெல்லத் தேறலாம். தனித்தேனீயில் வெளியே போவது தாய் ஒன்றே. அது பூவிலே மடிந்தால், பாதி நிரம்பிய அறை அப்படியே நின்றுவிடும். அடுத்த ஆண்டுக்கு வாரிசு இல்லை. ஏலப் பூவைத் தேனீ நாடுவது காலை வேளையிலேயே மிகுதி. தவிர்க்க முடியாத தெளிப்பைப் பிற்பகலுக்குத் தள்ளினாலும், பூ மிகுந்த வாரங்களில் தெளிப்பைக் குறைத்தாலும், பல உயிர் தப்பும். எந்தப் பூச்சிக்கு எவ்வளவு மருந்து என்பதை மயிலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலும், பாம்பாடும்பாறையிலுள்ள கேரள விவசாயப் பல்கலைக்கழகத்தின் ஏல ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்டறியலாம்.

புதரை விட்டுவைத்தால் பூச்சியும் பாம்பும் சேரும், கூலியும் கூடும் என்று குடியானவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தோட்டம் முழுவதையும் காடாக்கும்படி யாரும் கேட்கவில்லை. ஓடைக்கரை, வேலியோரம், பாறைச் சரிவு ஆகிய பயிரிடாத கீற்றுகளை மட்டும் செதுக்காமல் விட்டால் போதும். அங்கே ஆவாரை வளரும் தாழ்வான சரிவில் ஆவாரையும், மற்ற இடங்களில் கிலுகிலுப்பையும் துவரையும் சுண்டையும் நிற்கட்டும். நிழல் மரங்களை ஒரே இனமாக வைக்காமல், வெவ்வேறு மாதங்களில் பூப்பவையாகக் கலந்து வைக்கலாம். பட்ட மரத்தில் ஒன்றிரண்டை நிற்கவிடலாம். ஒரு புறம் கணு மூடிய மூங்கில் துண்டுகளைக் கட்டி, மழை படாத இறவாணத்தில் தொங்கவிடலாம். வெயில் படும் இடத்தில் ஒரு சிறு மண்மேட்டைக் கொத்தாமல் விடலாம். இவற்றுக்கெல்லாம் பணச் செலவு சொற்பம். வேண்டியது கை சும்மா இருக்கும் பொறுமையே.

தேனீ இல்லாமல் பயிர் செய்வது எப்படிப்பட்டது என்பதை இடுக்கி விவசாயிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வனிலாக் கொடியை நட்டவர்கள் அதை நன்கு அறிவார்கள். அதன் தாயகமான மெக்சிகோவில் அதற்கென்று உள்ள தேனீ இங்கில்லை. ஆகவே 1841-ல் ரியூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறையில், காலைதோறும் ஒவ்வொரு பூவையும் குச்சியால் நெம்பி மகரந்தம் சேர்க்க வேண்டியிருக்கிறது. வனிலாவில் அது இயற்கையின் விதி. நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏலத்திலும் பழத்திலும் அந்த நிலை வந்தால், அது நாம் தேடிக்கொண்டதாகவே இருக்கும். தரையோடு படர்ந்த ஏலப் பூவை ஒவ்வொன்றாகக் குனிந்து தொட எத்தனை கைகள் வேண்டும், அவற்றுக்கு என்ன கூலி ஆகும் என்பதை நேயர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தேன் தராத இந்தத் தேனீக்கள் நம்மிடம் பெட்டியும் கேட்பதில்லை, சர்க்கரைப் பாகும் கேட்பதில்லை. நம் பயிர் பூக்காத மாதங்களில் தம் பிள்ளைகளுக்கு வேண்டிய பூ நம் தோட்டத்து ஓரத்தில் நிற்கவேண்டும் என்பது ஒன்றே அவற்றின் தேவை. வேலியோரத்துச் செடியை வெட்ட அரிவாளை ஓங்குமுன், அது எந்த மாதம் பூக்கிறது, அதில் எந்த வண்டு வந்து அமர்கிறது என்று ஒருமுறை நின்று பார்ப்போமாக.